ஸ்டேஷனில் கிடக்கும் நம்ம சொத்து

வண்டி, நகை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு... போலீஸ் எடுத்துக்கொண்டால் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

1982-ம் ஆண்டு லண்டன் மாநகரப் போலீஸ் ஒரு நடராஜரைக் கைப்பற்றியது. சோழர் காலச் செப்புத் திருமேனி அது. பழைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருவாரூர் மாவட்டத்துக்குள் வரும் பத்தூரில், இடிந்து கிடந்த சிவன் கோயில் அருகே 1976-ல் மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியிடம் சிக்கியது. பல கை மாறிக் கடல் தாண்டிப் போன திருமேனியைக் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் விலைக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காக லண்டனில் கொடுத்து வைத்திருந்தபோதுதான் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது.

'எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு' என்று வழக்குப் போட்டது அந்த நிறுவனம். எதிர்வாதி, லண்டன் போலீஸ் கமிஷனர். இந்திய அரசும் தமிழக அரசும் உரிமை கோரி வழக்குக்குள் வந்தன. பத்தூர் கோயிலும், கோயிலின் சிவலிங்கமும்கூட உரிமை கோருபவர்களாக நின்றன.

கோயிலிடம் ரசீது ஏது, பில் ஏது? தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி சாட்சி சொன்னார். நடராஜர் மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும், பத்தூரில் பிறகு கிடைத்த மற்றத் திருமேனிகளில் இருந்தவற்றோடு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988-ல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் நடராஜர் தமிழகம் திரும்பினார். போலீஸ் கையில் போய்த் திரும்பி வர ஒன்பது ஆண்டுகள். அப்படி வந்தும் சொந்த ஊருக்கு உடனே போகவில்லை. பாதுகாப்புக்காகத் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார்.

இந்த வழக்கு சொல்வது மூன்று விஷயங்கள். போலீஸ் எடுத்துக்கொண்டதால் ஒரு பொருள் போலீஸுக்குச் சொந்தமாகிவிடாது. யாரிடம் கொடுப்பது என்று சொல்ல வேண்டியது கோர்ட். அந்தக் கோர்ட் கேட்கப்போகும் கேள்வி, 'உன்னுடையது என்று எதை வைத்துச் சொல்கிறாய்?' என்பது. பத்தூர் நடராஜருக்கு மட்டுமில்லை, கூத்தாநல்லூரில் பழைய ஸ்ப்ளெண்டரைப் பறிகொடுத்து நிற்பவருக்கும் இதே மூன்றுதான்.

'கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாம்மா!'

காவிரி டெல்டாவில் எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு வண்டிக் கூட்டம் நிற்கும். பெட்ரோல் டேங்கில் வெள்ளை பெயின்ட்டில் குற்ற எண்ணும் வருடமும் எழுதியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒன்றைப் பார்த்த வண்டி என்றால் செயின் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். இரண்டைப் பார்த்தது என்றால் சீட்டுக்குள் செடி முளைத்திருக்கும். டயர் காற்றிறங்கி, ரிம் மண்ணில் புதைந்து, பக்கத்து வண்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இவற்றில் பாதிக்குச் சொந்தக்காரர் உள்ளூரில்தான் இருப்பார். மாதா மாதம் டியூ கட்டிக்கொண்டும் இருப்பார்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், 'நாலு தடவை போய்க் கேட்டேன், கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க' என்பார். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் ஆளும் கட்சிக்காரரைத் தேடிப் போவார். ஏட்டையாவுக்கு வேண்டியவரைத் தேடிப் போவார்.

உண்மையில் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னது சரியான பதில். வழக்கில் கைப்பற்றிய பொருளை விடுவிக்கும் அதிகாரம் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மூன்றை அவர் சொல்வதில்லை: குற்ற எண் என்ன, எந்தக் கோர்ட்டுக்கு அறிக்கை போயிருக்கிறது, எந்தத் தேதியில் போனது. இந்த மூன்றும் கையில் இருந்தால் வக்கீல் அன்றைக்கே மனு தயார் செய்துவிடுவார். இல்லையென்றால் அலைச்சல்தான்.

சட்டம் போட்ட கெடு

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. புதுச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, திருட்டுப் பொருளாகவோ குற்றத்தோடு தொடர்புடையதாகவோ சந்தேகம் இருந்தால் போலீஸ் கைப்பற்றலாம். கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போக வசதிப்படாத பொருள் என்றால், கேட்கும்போது கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவர் பொறுப்பில் விடவும் அதே பிரிவு இடம் தருகிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-வது பிரிவு.

நமக்கு மிகவும் வேண்டியது 497-வது பிரிவு. பழைய சட்டத்தில் இது 451. பொருள் கோர்ட் முன் வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைக் கோர்ட் தயாரிக்க வேண்டும். போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும். விசாரணையில் அந்தப் படமே சாட்சியம். அடுத்த 30 நாட்களுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். பொருள் கோர்ட்டுக்கே வராமல், கைப்பற்றிய தகவல் மட்டும் போயிருந்தால் 503-வது பிரிவு. பழைய எண் 457.

இந்தக் கெடுவுக்கு விதை போட்டது 2002 அக்டோபர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கின் உத்தரவு. அந்த வழக்கின் கதை வேடிக்கையானது. குஜராத்தில் ஒரு காவல் நிலையத்தில் வைத்திருந்த வழக்குச் சொத்துகளை எடுத்துக்கொண்டு போலிப் பொருட்களை வைத்துவிட்டதாகவும், அங்கிருந்த பணத்தைக் கையாடியதாகவும், கைப்பற்றிய பொருட்களை அனுமதியில்லாமல் ஏலம் விட்டதாகவும் போலீஸ்காரர்கள் மீதே குற்றச்சாட்டு. வேலியே பயிரை மேய்ந்த அந்த வழக்கில்தான் நாடு முழுவதற்குமான நெறிமுறை பிறந்தது. வண்டியை நீண்ட நாள் ஸ்டேஷனில் நிறுத்தி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. உரிய பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு உடனே விடுவியுங்கள். எந்தப் பொருளும் 15 நாள், அதிகம் போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் இருக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஸ்டேஷனில் இருக்கும்போதே பொருள் காணாமல் போனால்? அதற்கும் பதில் இருக்கிறது. 1977-ல் கர்நாடகத்தைச் சேர்ந்த பசவ்வா என்பவரின் வழக்கு. அவருடைய நகைகள் போலீஸ் பாதுகாப்பில் இருந்தபோதே மாயமாகிவிட்டன. ஒழுங்காகப் பாதுகாத்தோம் என்று அரசால் காட்ட முடியவில்லை. நகையின் மதிப்பைப் பணமாகக் கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். 'காணோம்' என்று கைவிரித்துவிட்டால் கதை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

வண்டிக்கான மனு இரண்டு மூன்று பக்கம்தான். குற்ற எண், வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், எப்போது எங்கே எடுக்கப்பட்டது, நான்தான் பதிவு பெற்ற உரிமையாளர், வெயிலிலும் மழையிலும் நின்று வண்டி வீணாகிறது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன். இதோடு ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஆதார் நகல்கள், ஒரு பிரமாணப் பத்திரம். போலீஸ் தரப்பின் பதிலைக் கேட்டு மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, குறிப்பிட்ட தொகைக்குப் பத்திரமும் ஜாமீன்தாரரும் தர வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். அசல் ஆர்.சி.யைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு.

காரியம் கெடுவது எங்கே என்றால், ஆர்.சி.யில் இருக்கும் பெயரில்தான். நம் ஊர்களில் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்களில் பலர் பெயர் மாற்றுவதில்லை. மன்னார்குடியில் வாங்கி, திருத்துறைப்பூண்டிக்காரர் ஓட்டி, கூத்தாநல்லூர்க்காரரிடம் வந்திருக்கும். ஆர்.சி.யில் இன்னும் முதல் ஆள் பெயரே இருக்கும். பணம் கொடுத்தது நீங்களாக இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். அவரைத் தேடிப் பிடித்துக் கோர்ட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அந்தத் திண்டாட்டத்துக்குப் பெயர் மாற்றும் செலவு எவ்வளவோ தேவலை.

கூத்தாநல்லூருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சின்ன சிங்கப்பூர் என்று பெயர் வாங்கிய ஊர். வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர், இருப்பார். வண்டி அத்தா பெயரில் இருக்கும். அவரோ துபாயில் இருப்பார். இங்கே மகன் ஓட்டிப் போய் வண்டி சிக்கிக்கொள்ளும். அத்தா லீவு போட்டு வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பினால், இங்கிருக்கும் முகவர் மனுப் போடலாம். தவணையில் எடுத்த வண்டியாக இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியும் உரிமை கோரி வரலாம். டியூ கட்டிய ரசீதுகளைத் தயாராக வைத்திருங்கள்.

மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தால் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு கேட்கலாம். தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போவார். திருவாரூர் மாவட்டத்துக்காரருக்குச் சென்னைதான்.

வழக்குக்கு ஒரு வாசல்

எல்லாப் பொருளும் ஒரே வழியில் திரும்பி வராது. வாசல் மாறிப் போய்த் தட்டுவதில்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

விபத்து: மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்ததும், நடைமுறைகள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-வது பிரிவு. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஆளை இடித்திருந்தால் கதையே வேறு. பாதிக்கப்பட்டவருக்குப் போய்ச் சேர வேண்டிய இழப்பீட்டுக்கு ஈடு கட்டாமல் அதை விடக் கூடாது, ஈடு கட்டாவிட்டால் விற்றுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மணல்: காவிரிப் படுகையில் லாரி, டிராக்டர் மட்டுமல்ல, மாட்டுவண்டிகளும் மாட்டுகின்றன. 1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி வண்டியையே அரசு நிரந்தரமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. மணல் கடத்தல் வண்டிகளை விடுவிக்கவே கூடாது என்று 2018 அக்டோபரில் மதுரைக் கிளை கறாராகச் சொன்னது. பிறகு வந்த உத்தரவுகளில் கடும் நிபந்தனைகளோடு வழி திறந்தது. சாதாரண வண்டி மனுவைப் போல நினைத்து இதில் இறங்கக் கூடாது.

சாராயம்: காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதியில் இந்த வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் நோட்டீஸ் கொடுத்து விசாரித்து வண்டியைப் பறிமுதல் செய்யலாம். தனக்குத் தெரியாமல் வண்டி பயன்பட்டது என்று காட்ட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது.

ரேஷன் அரிசி: அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 6ஏ பிரிவுப்படி இங்கே அதிகாரம் கலெக்டர் தரப்பில். அரிசியும் அதை ஏற்றிய வண்டியும் அந்த விசாரணைக்குத்தான் போகும்.

தேர்தல் பணம்: தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகும் நெல் வியாபாரியும், கல்யாண நகை வாங்கப் போகும் குடும்பமும் பறக்கும் படையிடம் சிக்குகிறார்கள். பலர் நேராக வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அவசியமில்லை. இதற்கென்றே மாவட்டத்தில் அதிகாரிகள் குழு இருக்கிறது. கட்சிக்கோ வேட்பாளருக்கோ தொடர்பில்லை, வழக்கும் பதிவாகவில்லை என்றால் பணத்தை உடனே விட வேண்டும். வழக்கு இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்த ஏழு நாளுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வங்கியில் எடுத்த சீட்டு, நெல் விற்ற பட்டியல், கல்யாணப் பத்திரிகை என எது இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாஸ்போர்ட்: வெளிநாட்டுப் பிழைப்பை நம்பிய ஊருக்கு இதுதான் உயிர்நாடி. விசா முடியும் தேதி நெருங்கும்போது பாஸ்போர்ட் ஸ்டேஷன் பீரோவில் இருந்தால் வேலையே போய்விடும். 2008 ஜனவரியில் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போலீஸ் பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம், முடக்கி வைத்துக்கொள்ள முடியாது. முடக்கும் அதிகாரம் 1967-ம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு. அவரும் காரணம் சொல்லி, உங்கள் தரப்பைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மனுவில் இந்தத் தீர்ப்பையும் விசா தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு: சைபர் மோசடிப் பணம் நாலு கை மாறி உங்கள் கணக்கைத் தொட்டுவிட்டால், எங்கோ வட மாநிலத்துப் போலீஸ் அனுப்பிய ஒரு மெயிலில் கணக்கு முடங்கிவிடும். வங்கிக் கணக்கும் கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமாகத் தெரிவித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக முடக்கம் செல்லாமல் போய்விடாது என்று 2024 மே மாதமும் சொன்னது. அதனால் 'லேட்டா ரிப்போர்ட் பண்ணிட்டாங்க' என்ற வாதத்தை மட்டும் நம்ப வேண்டாம். எந்த ஊர் ஸ்டேஷன், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்குத் தகராறு என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடச் சொல்லி மனுப் போடுங்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் நீங்கள் என்றால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். நிறுத்தி வைத்த பணம் திரும்பி வர வழி உண்டு.

ஆல்பம்தான் சாட்சி

திருடு போன நகை கிடைத்துவிட்டால் பாதி சந்தோஷம்தான் பட முடியும். அடகுக் கடையிலிருந்து மீட்ட நகை கோர்ட்டுக்குப் போகும். சொந்தக்காரர் அங்கே போய் அடையாளம் காட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சங்கிலிக்கு யாரிடம் பில் இருக்கிறது? அப்போது கைகொடுப்பது கல்யாண ஆல்பம். மணப்பெண்ணின் கழுத்தில் மேலிருந்து கீழாக இருக்கும் ஒவ்வொரு சரத்தையும் பெரிதாக்கிப் பிரின்ட் போட்டு, 'இதுதான் அந்த ஆரம், டாலரில் ஒரு கல் விழுந்திருக்கும் பாருங்கள்' என்று காட்டினால் கோர்ட் கவனிக்கும்.

நகையை வாங்கி வந்த பிறகும் ஒரு நிபந்தனை துரத்தும். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, உருமாற்றக் கூடாது. வழக்கு முடியும்வரை அதை அழித்து மகளுக்கு நெக்லஸ் செய்ய முடியாது. திருடன் நகையை உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் ஆல்பமும் உதவாது. எடையையும் அவன் வாக்குமூலத்தையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

செல்போன் மட்டும் இப்போது கொஞ்சம் சுலபமாகிவிட்டது. காணாமல் போன போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்யும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்த பிறகு, மாவட்ட எஸ்.பி. அலுவலகங்களில் மேசை போட்டு, கண்டுபிடித்த போன்களை வரிசையாக உரியவர்களிடம் கொடுக்கிறார்கள். கேமராவும் வருகிறது, செய்தியும் வருகிறது.

கொடுக்க நினைத்தால் கொடுக்க முடியும்

2020 ஊரடங்கு நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் தமிழகம் முழுக்கத் தெருத்தெருவாக வண்டிகளைப் பிடித்தார்கள். ஸ்டேஷனில் இடம் போதாமல் பள்ளிக்கூட மைதானங்களில் நிறுத்தினார்கள். ஏப்ரல் நடுவில் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது. நேரம் ஒதுக்கி, ஆவணம் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆள் பலமும் இடமும் நெருக்கடியாக இருந்த அந்த நாளிலேயே அது நடந்தது. மற்ற நாளில் நடக்காமல் இருப்பதற்கு ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கேட்பவர் இல்லை, கேட்கத் தெரிந்தவர் குறைவு என்பதும் காரணம்.

கேட்கத் தெரியாமல் அதிகம் அலைபவர்கள் பெண்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, மகனின் வண்டிக்காகவும் களவு போன நகைக்காகவும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு ஒரு செய்தி: 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட, தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பொருளை எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

• கைப்பற்றும் மகஜரைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொருளின் நிலை, எடை, எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகல் கேளுங்கள்.

• வண்டியையும் போனையும் அந்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது பேட்டரி இருக்கிறதா என்ற சண்டைக்கு அது உதவும்.

• குற்ற எண், சட்டப் பிரிவு, கோர்ட்டின் பெயர், விசாரணை அதிகாரியின் பெயர் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு தெரிந்தால்தான் எந்த வாசல் என்று தெரியும்.

• பொருள் கோர்ட்டுக்குப் போனால் அங்குள்ள சொத்துப் பதிவேட்டில் ஓர் எண் விழும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

• ஸ்டேஷனில் கொடுக்கும் கடிதங்களுக்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

இவை நாம் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 14 நாள், 30 நாள் என்று சட்டம் கெடு வைத்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன்னிடம் இருக்கும் வழக்குச் சொத்தின் பட்டியலை, எடுத்த தேதியோடும் கோர்ட்டுக்குத் தெரிவித்த தேதியோடும், வாசல் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்டட்டும். காவல் துறையின் இணையதளத்திலும் போடட்டும். செல்போனுக்கு மேசை போட முடிந்த துறைக்கு இது பெரிய வேலை இல்லை. பட்டியல் வெளியே வந்துவிட்டால், கெடு தாண்டிய ஒவ்வொரு வண்டிக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.